ஈயப் பாளம் தூக்கிய ஜபருல்லா

ஜபருல்லாவுக்கு அசதி ஒரு குணமாகவே ஆகிவிட்டது என்று பினாங்குத் துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். காலையில் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வரும்போதே கொட்டாவி வரும். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தால் பாதியிலேயே கண் சொருகும். "பாரு, கை வாய்க்குப் போற வழியிலயே தூங்கிப்போச்சு" என்று கேலி செய்வார்கள். செய்யட்டுமே! கப்பலுக்கும் சரக்குக் கிட்டங்கிக்கும் நடுவே வாலிபத்தையெல்லாம் நடந்தே தீர்த்த மனிதனுக்கு அசதி வராமல், நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொள்கிறவனுக்கா வரும்?

அவருடைய வேலை தோள் வேலை. ஈயப் பாளமோ கொப்பரை மூட்டையோ, எதுவானாலும் கயிற்று வளையத்தில் கட்டி, நீளமான காவுகம்பில் மாட்டி, இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தோளில் வைத்துச் சுமப்பார்கள். அந்த இரண்டு பேருக்கும் ஜோடி என்று பெயர். ஜபருல்லாவின் ஜோடி அப்துல் ரசாக். கொஞ்சம் மூத்தவர் என்பதால் அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடுவார். இரண்டு பேரும் நாகூர்ப் பக்கம். அந்தப் பக்கத்து ஆட்கள் ஒரே வீட்டில் தங்கி, ஒரே தலைவருக்குக் கீழே வேலைக்குப் போவார்கள். அதைக் கூட்டம் என்பார்கள், தலைவரைத் தண்டல் என்பார்கள். இவர்களுடைய தண்டல் அலாவுதீன்.

கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் ஒன்று உண்டு. ஜோடியின் குறை வெளியே போகக்கூடாது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் வாயைப் பொத்திக்கொண்டு அவன் பங்கையும் சேர்த்து இழுப்பான், தண்டலிடம்கூட மூச்சு விடமாட்டான். நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குள்ளே எத்தனை பேர் ஓசையில்லாமல் நொறுங்கிப்போனார்கள் என்று கணக்கு எடுத்தவர் கிடையாது.

ஜபருல்லாவின் குறை வலது கையில் இருந்தது. முன்பு ஒரு மழைக்காலத்தில் கப்பல் வடம் ஒன்று கைக்குள் வழுக்கி ஓடி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. புண் ஆறியது, பிடி திரும்பவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் பேருக்குத்தான் மடங்கும். தேத்தண்ணீர்க் குவளையை இடது கையால் பிடிப்பார். தோளில் சுமக்கிறவனுக்கு விரல் எதற்கு என்று அப்படியே காலம் ஓடியது. கம்பைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்றும் அந்த ஒரு நொடியில்தான் கை வேண்டும். அதற்கு ரசாக் ஒரு வழி வைத்திருந்தார். கயிற்று வளையத்தைத் தன் பக்கமாக ஒரு சாண் இழுத்துப் போட்டுக்கொள்வார். கயிறு யார் பக்கம் நெருங்கியிருக்கிறதோ, பாரம் அவர்மேல் இறங்கும். ஜபருல்லாவுக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார். வேறு என்ன செய்வார், பாவம்!

ரப்பர் விலையும் ஈய விலையும் சேர்ந்து படுத்த வருஷம் அது. கப்பல்கள் குறைந்தன, பாதி நாள் வேலையே இல்லை. அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்குப் புதிதாக ஒரு துரை வந்து சேர்ந்தார். இளவயது, தடித்த கழுத்து, கசரத்துப் பைத்தியம். காலையில் பங்களா வாசலில் சட்டையில்லாமல் நின்று இரும்புக் குண்டுகளை ஏற்றி இறக்குவார் என்று அவருடைய தோட்டக்காரன் சொல்லிச் சிரிப்பான். ஆட்களில் பாதியைக் குறைக்க வேண்டும், யாரைக் குறைப்பது என்று பேச்சு வந்தபோது துரைக்கு ஒரு யோசனை தோன்றியது. கிட்டங்கி முற்றத்தில் இரண்டு கட்டைகளைப் போட்டு அவற்றின்மேல் ஓர் இரும்புத் தண்டை வைத்தார்கள். தண்டின் இரண்டு நுனியிலும் பக்கத்துக்கு இரண்டாக ஈயப் பாளங்களைக் கயிற்றால் கட்டினார்கள். வருகிறவன் குனிந்து, தண்டை இரண்டு கையாலும் பிடித்து, தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். துரை போதும் என்று சொல்கிறவரை கீழே போடக்கூடாது. தூக்கினவன் வேலையில் இருப்பான். தூக்காதவன் கம்பெனி செலவில் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறுவான். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் சோதனை.

நல்ல கூத்து! துறைமுகத்தில் எந்த மடையன் பாளத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறான்? தோளால் பிழைக்கிறவனைக் கூப்பிட்டு விரலைக் காட்டு என்றால் என்ன நியாயம்? ஆனால் இதையெல்லாம் துரையிடம் யார் போய்ச் சொல்வது? அலாவுதீன் தண்டல் துரையின் அறை வாசல்வரை போய், தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்து, "கசரத்து பண்ணிப் பழகுங்கப்பா, வேற வழியில்ல" என்று மட்டும் சொன்னார்.

ஜபருல்லா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். அவர் கூட்டத்து வீட்டில் இல்லை, அச்சின் தெருவுக்குப் பின்னால் ஓர் அறையில் மனைவி காமாரியாவோடு இருந்தார். காமாரியா பினாங்கிலேயே பிறந்தவள். தாய் மலாய்க்காரி, தகப்பன் நாகூர்க்காரர், இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கப்பல்காரர்களின் துணியை வெளுத்துக் கொடுத்து நாலு காசு பார்ப்பாள். அன்று சாயங்காலம் சோதனை விஷயத்தைக் கேட்டதும் கையில் இருந்த துணியை அப்படியே வாளியில் போட்டாள்.

"நீங்க கப்பல் ஏறினா நான் வரமாட்டேன் மச்சான். இப்பவே சொல்லிட்டேன்லா."

"ஏன் புள்ள அப்படிச் சொல்ற? நாகூர்ல நமக்கு ஒரு குடிசை கிடைக்காதா?"

"குடிசைக்கா நான் அழுவறேன்? நோர்மா இங்க கிடக்கிறா. அவளைத் தனியா விட்டுட்டு எப்படி வருவேன்?"

நோர்மா அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை. பேச்சு வருகிற வயதில் காய்ச்சல் வந்து இறந்துபோய்விட்டது. மையவாடியில் ஒரு செம்பருத்திச் செடி பக்கத்தில் அடக்கியிருந்தார்கள். வியாழக்கிழமை தவறாமல் காமாரியா அங்கே போய்ப் புல்லைப் பிடுங்கி, தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். அவளிடம் போய் 'வா, கிளம்பலாம்' என்று எந்த வாயால் சொல்வது? வேலை இல்லாமல் ஊரில் சுற்றித் திரிகிறவனைப் போலீஸ்காரன் பிடித்துக் கப்பலேற்றிவிடுகிறான் என்று வேறு பேச்சு. ஆக, தண்டைத் தூக்காவிட்டால் தனியாகப் போக வேண்டும். பெண்டாட்டி ஒரு கரை, புருஷன் ஒரு கரை. ஜபருல்லா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியான ஓய்வில் ரசாக்தான் அவரைக் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். தண்டும் பாளமும் அங்கேயே கிடந்தன, தண்டல் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

"பழகினா வரும்டா ஜபரு. குனி."

ஜபருல்லா குனிந்தார், பிடித்தார், இழுத்தார். முதுகு வளைந்ததே தவிர, தண்டு கட்டையை விட்டு அசையவில்லை. பக்கத்துக்கு ஒரு பாளமாகக் குறைத்துப் பார்த்தார்கள். முழங்கால்வரை வந்தது. அங்கே வந்ததும் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. தண்டு ஒரு பக்கமாகச் சரிந்து தடாலென்று விழுந்தது. இன்னொரு தடவை மூச்சைப் பிடித்து எக்கியபோது இடுப்பு வார் பட்டென்று அறுந்துபோயிற்று. கைலியைப் பிடிப்பதா, தண்டைப் பிடிப்பதா? பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வார் என்பது நம் ஆட்கள் கைலிக்கு மேலே கட்டும் அகலமான பச்சை நிறத் தோல் வார்தான். முன்பக்கம் காசு வைக்கப் பை இருக்கும், பித்தளைக் கொக்கி இருக்கும். கைலி நழுவாமல் பிடித்துக்கொள்ளும். சுமை தூக்குகிறவன் அதை இழுத்து இறுக்கிக்கொண்டால் முதுகுக்கு ஒரு சுவர் வைத்த மாதிரி தாங்கும். ஜபருல்லாவின் வார் வியர்வையில் ஊறி ஊறி மக்கிப்போயிருந்தது. புதிது வாங்க இது காலமா?

ரசாக்கின் வார் நல்ல வார். அரை விரல் கனம், தோல் இன்னும் விறைப்பு. அவர் அதை அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதுகூட இடுப்பிலேயே இருக்கும். "பவுனெல்லாம் பத்திரமா இருக்கா ரசாக்கு?" என்று கூட்டத்தில் கிண்டல் செய்வார்கள். "பின்ன, உங்ககிட்டயா குடுத்து வைப்பேன்?" என்று அவரும் பைமேல் தட்டிக் காட்டுவார். ஊரில் மனைவி நூர் பீவிக்காக ரகசியமாகச் சேர்க்கிறார் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், ஜபருல்லா உட்பட.

"நானா, உங்க வாரைக் கொஞ்சம் கொடுங்க."

ரசாக்கின் கை கொக்கிமேல் போய் அப்படியே நின்றது. ஜபருல்லாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"பையில இருக்கறத எடுத்து வச்சுக்கிட்டுக் கொடுங்க நானா. நான் தொடமாட்டேன்."

ரசாக் சிரித்தார். திரும்பி நின்று கொக்கியைக் கழற்றி வாரை நீட்டினார். "சோதனை முடியற வரைக்கும் நீயே கட்டிக்க. வேலை நேரத்துலயும் கழட்டாத. உன் இடுப்புக்குப் பழகணும்ல." பிறகு தோளில் கிடந்த துண்டை முறுக்கி இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். கைலி நழுவாமல் இருக்கத்தான் கட்டுகிறார் என்று ஜபருல்லா நினைத்தார். பின்னே வேறு எதற்கென்று நினைப்பார்?

அன்று தொடங்கியது பாடு. வாரை நாம் கட்டுகிற மாதிரி இடுப்பெலும்புமேல் கட்டினால் கசரத்துக்கு உதவாது. குனியும்போது முன்பக்கத்துப் பை வயிற்றில் குத்தி மூச்சை வாங்கிவிடுகிறது. நாலு நாள் குத்து வாங்கிய பிறகுதான் பையை முதுகுப்பக்கம் திருப்பி, வாரைத் தொப்புளுக்கு ஏற்றிக் கட்டப் புத்தி வந்தது. வயிறு நிறைய மூச்சை இழுத்து அதை வாரின்மேல் முட்டக் கொடுத்தால் முதுகு வளையாமல் நின்றது. தண்டு முழங்காலுக்கு முன்னால் தள்ளி இருந்தால் ஆளையே கவிழ்க்கப் பார்க்கும். கணைக்கால் எலும்பில் உரசுகிற மாதிரி ஒட்டி நின்றால் சொன்னபடி கேட்கும். முதுகால் இழுக்காமல் காலால் பூமியை மிதித்துத் தள்ள வேண்டும். இதெல்லாம் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டது. கணைக்கால் இரண்டும் தோல் உரிந்து ரத்தம் கசியும், காமாரியா மஞ்சள் பற்றுப் போடுவாள்.

பகலெல்லாம் சுமந்த உடம்பு அது. அதே உடம்பை மத்தியானம் உட்காரவிடாமல் இரும்பிடம் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? ஜபருல்லாவுக்கு எலும்புக்குள்ளே மணல் கொட்டினாற்போல் இருந்தது. படி ஏறும்போது சுவரைப் பிடித்து ஏறினார். தொழுகையில் ருகூவுக்குக் குனிந்தால் நிமிர மனம் வராது. ஒருநாள் ஸஜ்தாவில் நெற்றியை வைத்தவர் அப்படியே தூங்கிப்போய், பக்கத்தில் தொழுதவர் தொட்டு எழுப்பினார். போதும், விட்டுவிடலாம், போகிற கப்பலில் ஏறிப் படுத்துக்கொண்டால் ஊர்வரை தூங்கலாம் என்றுகூட ஒரு சபலம் தட்டியது. வியாழக்கிழமை மாலை காமாரியா மையவாடிக்குக் கிளம்பும்போது அந்தச் சபலம் போய்விடும்.

முதுகு வழிக்கு வந்தது, கைதான் வரவில்லை. அதற்கு வீட்டில் ஒரு தனிப் பாடு. வாய் அகன்ற ஜாடியில் மணலைப் போட்டு, விளிம்பை விரல் நுனியால் கவ்வித் தூக்கி, அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தார். வாசல் விட்டத்தைப் பிடித்துத் தொங்கினார். மாடியில் குடியிருந்த நாசிலெமா என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கிறவள் எட்டிப் பார்த்து, "காமாரியா, உன் புருஷனுக்குப் பைத்தியமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எல்லாவற்றையும்விட உதவியது காமாரியாவின் ஈரத் துணிதான். கப்பல்காரர்களின் படுக்கை விரிப்புகள் கித்தான் கனம் இருக்கும். அதைப் பிழியும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். முதலில் சுண்டு விரல் வலியில் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்தார். நாள் போகப்போக விரிப்பிலிருந்து சொட்டுத் தண்ணீர் விழாத அளவுக்கு வந்தது.

ஒரு சாயங்காலம் அவர் பிழிவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த காமாரியா கேட்டாள்.

"மச்சான், துணி பிழியறப்ப ஒரு கையை மேலால போட்டுப் புடிக்கிறீங்க, ஒரு கையைக் கீழால கொடுத்துப் புடிக்கிறீங்க. இரும்பையும் இப்படித்தான் புடிப்பீங்களா?"

"இல்லியே. ரெண்டு கையும் மேலாலதான்."

"அப்ப இரும்பு உருண்டு விரலைத் திறக்காம என்ன செய்யும்? துணி மாதிரிப் புடிச்சுப் பாருங்களேன்லா."

ஜபருல்லா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மறுநாள் மத்தியானம் இடது உள்ளங்கை தன்னைப் பார்த்து, வலது உள்ளங்கை வெளியே பார்த்து, துணியைப் பிழிகிற பிடியாகத் தண்டைப் பிடித்தார். பக்கத்துக்கு இரண்டு பாளமும் மாட்டியிருந்தது. மூச்சு, வயிறு, வார், கால். தண்டு கட்டையை விட்டுக் கிளம்பி முழங்காலைத் தாண்டித் தொடைக்கு வந்தது. உருளப் பார்த்த இரும்பை இரண்டு கையும் இரண்டு பக்கமாக மடக்கி நிறுத்தின. யா அல்லாஹ்! நின்றார்! கொஞ்ச நேரம்தான், ஆனாலும் நிமிர்ந்து நின்றார். கீழே வைத்ததும் ரசாக் ஓடிவந்து அவர் முதுகில் ஒரு அறை வைத்தார். அறைந்த கையோடு தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்ததை ஜபருல்லா பார்க்கவில்லை. சந்தோஷத்தில் எதைத்தான் பார்ப்பார்?

அன்று பிற்பகல் சுமை மாட்டும்போது ஜபருல்லா கயிற்று வளையத்தைப் பிடித்து கம்பின் நடுவில் வைத்தார்.

"இனிமே நடுவுலயே இருக்கட்டும் நானா. என் கை தேறிடுச்சு. இத்தனை நாளா நீங்க இழுத்துக்கிட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"தெரிஞ்சா சரிதான்" என்றார் ரசாக்.

கணக்கு நேராகிவிட்டது என்று ஜபருல்லாவுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அந்த நாட்களில் ரசாக் மெலிந்துகொண்டே போனார். ஒவ்வொரு நடைக்கும் பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவார், கீழே விழுந்த பீடியை எடுக்கக் குனியாமல் காலால் தள்ளிவிடுவார். "தூங்கலையா நானா?" என்று கேட்டால் "கூட்டத்துல மூட்டைப்பூச்சிடா" என்பார். "நீங்களும் தண்டைத் தூக்கிப் பழகுங்களேன்" என்றால் "எனக்கென்னடா, எப்பவும் தூக்கறதுதானே" என்பார். அதுவும் உண்மைதான் என்று தோன்றும். கூட்டத்திலேயே பலசாலி என்று பேர் எடுத்தவர். அவருக்குச் சோதனை ஒரு பொருட்டா? ஜபருல்லாவின் கண் எங்கே போயிற்று என்று கேட்டால், அது தன் இரண்டு விரல்மேலேயே போயிருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சோதனை நாள் வந்தது. முற்றத்தில் வெயில் ஏறுவதற்கு முன்பே எல்லோரும் கூடிவிட்டார்கள். துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அலாவுதீன் தண்டல் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். முதலில் போனவன் தூக்கினான், அடுத்தவன் முழங்காலோடு போட்டுவிட்டான். போட்டவன் யார் முகத்தையும் பார்க்காமல் கிட்டங்கி நிழலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். அவனிடம் யாரும் போகவில்லை. போய் என்ன சொல்வது?

"ஜபருல்லா."

போனார். பையைப் பின்னால் திருப்பி, வாரை இழுத்து இறுக்கினார். கைக்கு மண் தடவிக்கொண்டார். கணைக்காலைத் தண்டோடு ஒட்டினார். துணிப் பிடி. மூச்சு. பூமியை மிதித்தார். பாளங்கள் ஆடிக்கொண்டே கிளம்பின. நிமிர்ந்துவிட்டார். துரை போதும் என்று சொல்லவில்லை. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. சுண்டு விரல் திறக்கட்டுமா திறக்கட்டுமா என்று கெஞ்சியது. நோர்மா, நோர்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றார். துரை தலையை அசைத்து ஏதோ சொன்னார். "போதும், வைடா!" என்று தண்டல் கத்தினார். அதன் பிறகுதான் வைத்தார்.

வேலை பிழைத்தது. காமாரியாவை விட்டுப் போக வேண்டியதில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாரை அவிழ்த்து ரசாக்கிடம் நீட்டினார்.

"அப்துல் ரசாக்" என்று கூப்பிட்டார் தண்டல்.

ரசாக் துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு வாரைக் கட்டிக்கொண்டார். கொக்கியை மாட்டுவதற்கே நேரம் பிடித்தது. தண்டுக்கு முன்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்தார். கை தண்டைப் பிடித்தது. அவ்வளவுதான். இழுக்கக்கூட இல்லை. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். முதலில் யாருக்கும் புரியவில்லை. அவர் முகத்திலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக இரும்புமேல் விழுந்தது.

"தூக்குங்க நானா!" என்று ஜபருல்லா கத்தினார்.

"ஜபரு, என்னைத் தூக்குடா" என்றார் ரசாக் மெதுவாக. "நிமிர முடியல."

ஜபருல்லாவும் இன்னொருவரும் ஓடிப்போய் அவரை அப்படியே அணைத்து எடுத்து நிழலில் படுக்கவைத்தார்கள். துரை அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

நிழலில் வைத்துத்தான் ரசாக் வாயைத் திறந்தார். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் கப்பல் பலகையிலிருந்து வழுக்கி விழுந்தாராம், அன்றிலிருந்து இடுப்பில் ஏதோ விட்டுப்போயிற்றாம். வாரை இறுக்கிக் கட்டியிருந்தால் நிற்கும், நடக்கும், சுமக்கும். அவிழ்த்தால் நிற்காது. அதனால்தான் தூக்கத்திலும் அவிழ்க்கவில்லை. பையில் பவுனும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அடப்பாவி நானா! அந்த வாரையா எனக்குக் கொடுத்தீங்க? இத்தனை நாளும் துண்டைக் கட்டிக்கிட்டா சுமந்தீங்க? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வாங்கியிருப்பியா?"

ஜபருல்லாவுக்கு இப்போதுதான் உறைத்தது. தான் இரும்பைத் தூக்கி முன்னேறிய ஒவ்வொரு நாளும் இந்த மனிதன் இடுப்பு தேய்ந்துகொண்டிருந்தது. தான் கயிற்றை நடுவில் வைத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்ட அன்றைக்கே அது முக்கால்வாசி போய்விட்டிருந்தது. எழுந்து ஓடித் தண்டலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, என் பேரை வெட்டிட்டு அவர் பேரைப் போடுங்கண்ணே. அவர் வாரைக் கட்டிக்கிட்டுத்தானே நான் தூக்கினேன்? அது அவர் தூக்கினதுதான்."

அலாவுதீன் தண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நிமிரவே முடியாதவன் பேரை எழுதி நான் என்னப்பா செய்ய?" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பி வந்த ஜபருல்லாவை ரசாக் அதட்டினார். "கிறுக்கா, என் பேரை எழுதச் சொல்லிக் கெஞ்சினியா? எனக்கு ஊர்ல நூர் பீவி இருக்கா. என்னைக்கானாலும் போக வேண்டியவன். உனக்கு ஊரு இதுதானே. உன் புள்ளை இங்கதானே இருக்கு."

ஜபருல்லா அவர் முகத்து வியர்வையைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

காமாரியாவுக்கு விஷயம் தெரிந்தது. புருஷன் தங்கிவிட்டான் என்ற நிம்மதியும் அவளுக்கு இருந்தது, அந்த நிம்மதி வந்த வழி அவளைக் குத்தவும் செய்தது. ரசாக்கின் துணியையெல்லாம் வாங்கிவரச் சொல்லி, வெளுத்து, கஞ்சி போட்டு, கப்பல்காரர்களின் துணியைவிட நேர்த்தியாக மடித்து வைத்தாள். மடித்ததை எடுத்துக் கொடுக்கும்போது, "நம்மால வேற என்ன முடியும் மச்சான்?" என்றாள்.

கப்பல் புறப்படும் நாள் ஜபருல்லாவுக்கு வேலை இருந்தது. புது ஜோடி போட்டிருந்தார்கள். மத்தியான ஓய்வில் ஓட்டமாக ஓடித் துறைக்குப் போனார். பேர் வெட்டப்பட்டவர்கள் வரிசையாக நின்றார்கள். ரசாக் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றிருந்தார். காலடியில் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. வரிசை நகர்ந்ததும் அவர் அதை எடுக்கக் குனியப் பார்த்தார்.

"நீங்க விடுங்க நானா. நான் தூக்குறேன்."

பெட்டிக்கு முன்னால் நின்றதும் ஜபருல்லாவின் உடம்பு தானாகவே தயாராகிவிட்டது. பாழாய்ப்போன பழக்கம். காலை ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, வயிறு நிறைய மூச்சை இழுத்து, கைப்பிடியை இறுகப் பற்றி ஒரே எக்காக எக்கினார். பெட்டி வெறும் தகரமாக எழும்பி வந்து அவர் நெஞ்சில் மோதியது. பின்னால் தடுமாறி விழப்போனவரை வரிசையில் நின்ற ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாடா ஜபரு" என்றார் ரசாக். "அதுல என்ன இருக்கு? காமாரியா துவைச்சுக் கொடுத்த துணியும், நூர் பீவிக்கு ஒரு சேலையும்தான்."

"இத்தனை வருஷ உழைப்புக்கும் இவ்வளவுதானா நானா?"

"இத்தனை வருஷத்துக்கும்தான்" என்றார் ரசாக். பெட்டியைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.